ஒரு முறம் தவிடு

பர்வினை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட செஞ்சியில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சமிருந்தார். அவர் ரேஷன் கடைக்காரர். கைரேகை வைத்ததும் மிஷினில் வரும் பேரைப் பார்த்து, “பர்வின் பேகம், பையப் புடி” என்பார். அதுவும் மாதத்துக்கு ஒரு தடவை. மிஷின் மக்கர் பண்ணுகிற மாதத்தில் அதுவும் கிடையாது.

மற்றவர்களுக்கு அவள் பாயம்மா. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வருகிறவர்களுக்கு வெறும் இடியாப்பம். “இடியாப்பம், ரெண்டு செட்டு கட்டு” என்று ரோட்டிலிருந்தே சத்தம் கொடுப்பார்கள். பெற்றவர்கள் ஆசையாகத் தனக்கு வைத்த பேரே அதுதான் என்பது போல அவளும் “ஆங், வரேன்” என்று எழுந்து போவாள். புருஷன் ஜான் பாஷாவுக்கு அவள் ‘இந்தா’. எப்போதாவது வருகிற மனிதன் எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று அவளும் விட்டுவிட்டாள்.

செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்குக் கீழே, திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிய பாய்மார் தெருவில் கடைசி வீடு அவளுடையது. அத்தோடு தெரு முடிந்து காலனி தொடங்கிவிடும். காலனியின் முதல் வீடு பீமாராவுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கொல்லைப்புறம் ஒரு இடுப்பளவுச் சுவர். குழம்பு, உப்பு, ஊர் வம்பு எல்லாம் அந்தச் சுவர் மேல்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும்.

விடியற்காலையில் பர்வின் அடுப்பைப் பற்றவைப்பாள். மாவை முதல் நாள் சாயங்காலமே வறுத்து வைத்திருப்பாள். வறுக்கிறபோது பக்கத்தை விட்டு நகரக் கூடாது. கண் அசந்தால் மாவு காந்திவிடும். காந்தின மாவில் பிழிந்தால் இடியாப்பம் கசக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் மாவைக் காந்த விட்டதில்லை. வீட்டில் கவனத்தைக் கலைக்க யார் இருக்கிறார்கள்? கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, அச்சில் அடைத்து, தட்டில் பிழிந்து அடுக்குவாள். பிழிந்து பிழிந்து வலது தோள் இடது தோளைவிட ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. ரவிக்கை தைக்கிறவள் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். விற்றது போக உதிர்ந்து கிடப்பதை நின்றபடியே தேங்காய்ப்பாலில் தொட்டுத் தின்பாள். அதுதான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. ஒருத்திக்காக உலை வைப்பானேன் என்று ராத்திரியில் அநேகமாக ஒன்றும் சமைக்க மாட்டாள்.

பங்குனி பிறந்து வெயில் ஏறிய நாட்களில் பீமாராவ் வீட்டில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. பெண் குழந்தை. பிறந்து மாதம் திரும்பியும் அதற்குப் பேர் வைக்கவில்லை. பாப்பா, பாப்பா என்றே காலம் போனது. ஏன் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முன்னால் இரண்டு போய்விட்டது. முதல் பிள்ளை மாதம் நிறையுமுன்பே பிறந்து அன்றைக்கே கண்ணை மூடியது. இரண்டாவது பெண்ணுக்கு மீனம்பாள் என்று பேர் வைத்து, பந்தல் போட்டு, ரோட்டோரத்தில் படத்தோடு பேனர் கட்டி, தெருவுக்கே பிரியாணி போட்டான் பீமாராவ். பேனரைக் கழற்றுவதற்குள் குழந்தை போய்விட்டது. அந்த பேனரை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவன் சுவரோரம் நின்றதைப் பர்வின் பார்த்தாள். “குடுப்பா, எனக்கு வெறகு மூட ஆவும்” என்று வாங்கிக்கொண்டாள். படமும் பேரும் கீழே போகும்படி திருப்பி விறகுக் கட்டின் மேல் போட்டாள். மழைக்கும் வெயிலுக்கும் அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வியாபாரம் முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு நாள், பீமாராவின் பெண்டாட்டி மகாலட்சுமி குழந்தையோடு சுவரோரம் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, கழுத்தெலும்பு தெரிய, ஆள் பாதியாகியிருந்தாள்.

“அக்கா, ஒன்னு கேட்டா திட்டக் கூடாது.”

“கேளு. திட்டறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா? உன்னத்தான் திட்டணும்.”

“இவள நீங்க வாங்கிக்கறீங்களா?”

பர்வின் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். “இன்னாடி சொல்றே?”

“தவுட்டுக்குக்கா. மேல்மலையனூர்ல எங்க பெரிம்மா சொல்லிச்சு. ரெண்டு தங்காம மூணாவது பொறந்தா பெத்தவ தன் புள்ளன்னு வெச்சிக்கக் கூடாதாம். வேற சாமி கும்புடற வூட்டுக்குத் தவுட்டுக்கு வித்துடணுமாம். வாங்கனவங்கதான் பேரு வெக்கணும். அப்புறம் அவங்க புள்ளைய நாம வளத்துக் குடுக்கற மாதிரி. பேரும் நல்ல பேரா இருக்கக் கூடாது. குப்பு, பிச்சை, அந்த மாதிரி. வர்றது வந்து எட்டிப் பாத்துட்டு, சீ, இது யாரோ வூட்டுக் குப்பைன்னு திரும்பிப் போயிடுமாம்.”

“எங்கள்ல இதெல்லாம் கூடாதுடி. பள்ளிவாசல் ஹஸ்ரத்து காதுல வுழுந்தா என்னக் கூப்ட்டு வெச்சிக் கேப்பாரு.”

“அவரு காதுல யாரு போடப் போறா?”

“சரி, தெருவுல இத்தனை வூடு இருக்குது. ரஹமத் வூட்டுக்குப் போயேன். வரிசையா புள்ளைங்க, எல்லாம் குண்டு குண்டா இருக்குது. ராசிக்காரி. எங்கிட்ட ஏன் வர்றே? என் கை ராசி உனக்குத் தெரியாதா?”

“அவங்க வூடு வேணாங்க்கா.”

“ஏன்?”

மகாலட்சுமி குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். பேச்சுக்கு நடுவில் அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. “அங்க எல்லாம் இருக்குதுக்கா. புள்ளைங்க, வண்டி, ப்ரிட்ஜு. கண்ணு வெக்கறதுக்கு ஆயிரம் இருக்குது. வர்றது அங்கயும் வரும். உங்க வூட்லன்னா...”

அதற்கு மேல் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாய்க்கு வந்துவிட்டது, திரும்ப உள்ளே போகாது.

“என் வூட்ல எடுத்துகினு போக ஒன்னும் இல்ல. அதானே?”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லலக்கா.”

“சொன்னே. சரியாத்தான் சொன்னே. போ, புள்ள மேல வெயில் அடிக்குது.”

அன்றைக்கு முழுதும் பர்வினுக்கு வேலை ஓடவில்லை. மகாலட்சுமி மேல் கோபமில்லை, அவள் சின்னப் பெண், பயந்து கிடக்கிறவள். ஆனால் சாவு கூட எட்டிப் பார்த்துவிட்டு இங்கே என்ன இருக்கிறது என்று போகிற வீடாகத் தன் வீடு தெருவுக்குத் தெரிகிறதே என்பது அவளுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு டம்ளர். அந்தப் பெண் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜான் பாஷா வந்தான். அவன் அவலூர்பேட்டையில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தான். அங்கேதான் அவனுடைய இரண்டாவது வீடு, பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம். கல்யாணமாகிப் பல வருஷம் போன பிறகு, பிள்ளை இல்லை என்று சொல்லிக் கட்டிக்கொண்டான். பர்வினைத் தள்ளிவைக்கவில்லை. சரக்கு விஷயமாக செஞ்சிக்கு வந்தால் எட்டிப் பார்ப்பான். கேஸ் டியூப் விரிசல் விட்டிருக்கிறதா, ஓடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. சொல்ல முடிந்திருந்தால் அவளுக்கு எத்தனையோ சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ஒரு முலாம்பழம் கொண்டுவந்திருந்தான். டீயை ஆற்றிக்கொண்டே, “இந்தா, மோட்டார் ஏன் இப்படி எரையுது?” என்று கேட்டான்.

“அது அப்படித்தான் எரையும். பக்கத்து வூட்டுப் புள்ளைக்கு ஒரு பேரு கேக்கறாங்க. உங்களுக்கு ஏதாவது தோணுதா?”

“பொண்ணா?”

“பொண்ணுதான்.”

“அப்ஸானான்னு வெக்கச் சொல்லேன். அவங்க வெப்பாங்களோ என்னமோ, ஆனா நல்ல பேரு. எங்கயோ கேட்டேன், புடிச்சிப் போச்சு. அதான் நம்ம பொண்ணுக்கு வெச்சேன்.”

பர்வின் அவன் முகத்தையே பார்த்தாள். விளையாடுகிறானா என்று பார்த்தாள். அவன் டீயில் விழுந்த எறும்பைச் சின்ன விரலால் எடுத்துக்கொண்டிருந்தான்.

“எங்க கேட்டீங்க?”

“யாரு கண்டா? எந்தக் காலத்துலயோ.”

அந்தக் காலம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் வயிற்றில் ஒன்று இருந்தது. கோடையில் பாறையெல்லாம் அனல் கக்க, வீட்டுக்குள் படுக்க முடியாமல் கொல்லையில் படுத்திருப்பார்கள். பொண்ணாயிருந்தா அப்ஸானா என்று ஒரு நாள் சொன்னாள். எங்கே பிடித்தாய் இந்தப் பேரை என்று கேட்டு, அவன் அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். பெண்தான் பிறந்தது. அழவில்லை. பெரியவர்கள் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கிற நிலையில், சொல்லுகிற நிலையில் இல்லை. அதற்கப்புறம் எதுவும் தங்கவில்லை. பேர் மட்டும் அவளிடம் பத்திரமாக இருந்தது. அவலூர்பேட்டையில் பெண் பிறந்து, அப்ஸானா என்று பேர் வைத்திருப்பதாக அவனே வந்து இனிப்புக் கொடுத்துச் சொன்னபோது, தெரிந்தேதான் எடுத்துக்கொண்டான் என்று நினைத்தாள். தன் ஞாபகமாக வைத்திருக்கிறான் என்று கூட ஒரு ஓரத்தில் நினைத்து, அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள். அவனுக்கு ஞாபகமே இல்லை.

“நல்ல பேருதான்” என்றாள். “டீ ஆறிடுச்சு, குடிங்க.”

அவன் போனபிறகு முலாம்பழத்தை அறுக்க மனமில்லாமல் அப்படியே வைத்தாள். அது வீடெல்லாம் மணத்துக்கொண்டு கிடந்தது.

மறுநாள் காலையில் பீமாராவே இடியாப்பம் வாங்க வந்தான். ஆம்புலன்ஸில் வேலை. இரவு ட்யூட்டி முடிந்து அந்த நீலச் சட்டையோடு வந்திருந்தான். மற்றவர்கள் வாங்கிப் போகும் வரை ஒதுங்கி நின்றுவிட்டு, பிறகு மெதுவாகக் கேட்டான்.

“பாயம்மா, மகா உங்ககிட்ட வந்தாளா?”

“வந்தா.”

“சரின்னுட்டீங்களா?”

“இன்னும் இல்லப்பா.”

அவன் விறகுக் கட்டைப் பார்த்தான். அதன் மேல் கிடந்த பேனரின் வெள்ளை முதுகைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

“ரெண்டு புள்ளையும் ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியும் பாயம்மா. மொதலுக்கு மாசம் பத்தல. ரெண்டாவதுக்கு இதயத்துல ஓட்டை. டாக்டரு படம் போட்டே காமிச்சாரு. இவளுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒரு கொறையும் இல்ல. சொன்னா மகா நம்ப மாட்டேங்கறா. தூங்கறதில்ல. மூக்குல கைய வெச்சிகினே உக்காந்துனுகிறா. பாலும் கொறஞ்சி போச்சு. தவுட்டுக்கு வித்தாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும்னா விக்கட்டும். நான் குறுக்க நிக்கல. ஆனா பேரு...”

“குப்புன்னு வெக்கணுமாமே.”

“எங்க தாத்தா பேரு குப்பன், பாயம்மா.” அவன் குரல் தாழ்ந்தது. “அது பேரே இல்ல. பண்ணையில கூப்ட்டது. வேற பேரு வெச்சா கூப்புட மாட்டாங்க. மீசை நரைச்ச மனுஷன, ட்ரவுசர் போட்ட பசங்க டேய் குப்பான்னுவாங்களாம். இவரும் வந்தேன் சாமின்னு ஓடுவாராம். எங்க நைனா அதப் பாத்து வளந்தவரு. எனக்கு பீமாராவ்னு வெச்சப்ப ஊருக்குள்ள கூப்ட்டு, இந்தப் பேர நாங்க எப்படிடா கூப்புடறதுன்னு கேட்டிருக்கானுங்க. எழுதியிருக்கற மாதிரியே கூப்புடுங்கன்னாராம் இவரு. அடிச்சி அனுப்பிட்டானுங்க. ஒடம்பெல்லாம் வீங்கிப் போயி வந்து எங்கம்மாகிட்ட சொன்ன மொத வார்த்தை, பேர மாத்திடாதேன்னுதானாம். அவரு பேத்திக்கு நானே குப்புன்னு வெச்சா, அவரு வாங்குன அடிக்கு என்ன அர்த்தம்?”

பர்வின் இடியாப்பத்தை இலையில் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். “நீ இன்னா பேரு நெனச்சிகினு இருக்கே?”

“பூங்குழலி. அது ரொம்ப அழகா இருக்குது, அதனாலயே வேணாங்கறா.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “மகாவையும் நான் ஒன்னும் சொல்ல முடியல பாயம்மா. ரெண்டு தடவ வெறுங்கையோட ஆஸ்பத்திரியிலேருந்து வந்தவ அவதானே.”

“சரி, போ. நான் வாங்கிக்கறேன்னு சொல்லு” என்றாள் பர்வின். “குப்புன்னு வெக்க மாட்டேன். பேர நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, எந்தப் பேர் என்று அவளுக்கே தெரியவில்லை. அழகான பேர் வைத்தால் மகாலட்சுமிக்குத் தூக்கம் போகும். அசிங்கமாக வைத்தால் இவன் தலை குனியும். எதை வைத்தாலும், நாளைக்குக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் தலைவலி வந்தாலும் பேர் வைத்த வாயைத்தான் சொல்வார்கள். தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாய். அப்புறம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எப்படிக் குடியிருப்பது? செஞ்சியில் அவளோடு உட்கார்ந்து பேசுகிற ஒரே ஜீவன் அந்தப் பெண்தான். அதையும் இழந்துவிட்டால் அவளுக்கு மலையும் அடுப்பும்தான் துணை.

அமாவாசைக்கு நாள் குறித்தார்கள். முதல் நாள் சாயங்காலம் பர்வின் அரிசி மில்லுக்குப் போய்த் தவிடு கேட்டாள்.

“மாடு வாங்கிட்டியா பாயம்மா?” என்றார் மில்காரர்.

“மாடு இல்ல. புள்ள வாங்கப் போறேன்.”

“தவுட்டுக்கா? அவ்ளோ சல்லிசாவா கெடைக்குது?” என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, காசு வாங்காமல் நல்ல புதுத் தவிடாக அள்ளிப் பையில் போட்டார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது.

அமாவாசை என்றால் மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்களெல்லாம் பிதுங்கி வழியும். இடியாப்பம் சூரியன் மலைக்கு மேல் வருமுன்பே தீர்ந்துவிட்டது. கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பஸ் பிடித்து, மகாலட்சுமியின் பெரியம்மா நாகம்மாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாக எல்லோரையும் அதட்ட ஆரம்பித்தாள்.

“வாசப்பக்கம் கூடாது. கொல்லைப்பக்கமாத்தான் குடுக்கணும். பழைய மொறம் இருக்குதா? கிழிஞ்சது இருந்தா இன்னும் நல்லது. பீமா, நீ மூஞ்ச தூக்கி வெச்சிக்காத, இது பொம்பளைங்க காரியம், தள்ளி நில்லு. பாயம்மா, நீங்க அந்தப் பக்கமாவே நில்லுங்க.”

சுவரின் மேல் கிழிந்த முறத்தை வைத்து, பழைய புடவைத் துணியைப் போட்டுக் குழந்தையைக் கிடத்தினார்கள். பீமாராவ் தள்ளி நிற்கவில்லை. முறம் சாயாமல் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான்.

“சொல்லுடி” என்றாள் நாகம்மாள். “இந்தப் புள்ள எனக்கு வேணாம், தவுட்டுக்குக் குடுக்கறேன்னு சத்தமா சொல்லு.”

மகாலட்சுமி குழந்தையின் மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள்.

“சொல்லுன்றேன். வெறும் வார்த்தைதானே.”

“எனக்கு வேணாம்” என்று மகாலட்சுமி சொன்னாள். சொன்னவுடன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வேண்டாம் என்று சொல்லி அழுகிறவளைப் பார்த்து ஏமாறுகிற அளவுக்குச் சாவு மடையனா என்று பர்வினுக்குத் தோன்றியது. தன் முறத்திலிருந்த தவிட்டை மகாலட்சுமியின் மடியில் கொட்டினாள். குழந்தையைத் துணியோடு வாரி எடுத்துக்கொண்டாள்.

“உள்ள எடுத்துகினு போயி, உங்க வூட்டு நெலையத் தாண்டிட்டு, பேர யோசிச்சிகினு வாங்க” என்றாள் நாகம்மாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சத்தம் அடங்கியது. பச்சைப் பிள்ளையின் கனம் இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது பர்வினுக்கு. பெருத்த வலது தோளில் சாய்த்துக்கொண்டாள். குழந்தை அவள் கழுத்தில் ஈரமாக மூச்சு விட்டது. “இதான் கூடம். இதான் அடுப்பு, கிட்ட வராத, சுடும்” என்று பேச ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் பேசினாள். அச்சைக் காட்டினாள். அறுக்காமல் கிடந்த முலாம்பழத்தைக் காட்டினாள். அப்ஸானா என்ற பேர் நாக்கு வரை வந்தது. அதை இந்தக் காதில் சொல்லிவிட வேண்டும், தன்னிடமிருந்து எடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்தது. ஆனால் அந்தப் பேர் இப்போது அவலூர்பேட்டையில் ரெட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போகிறது. அதற்கு முன்னால் ஒரு துணிப்பொட்டலத்தோடு மண்ணுக்குள் போயிருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

வேறு என்ன இருக்கிறது அவளிடம்? எடுத்துப் போக ஒன்றும் இல்லாத வீடு என்றுதானே அந்தப் பெண் இங்கே வந்தாள்.

குழந்தை வாயைத் திறந்து அவள் தோளைத் தேடியது. கிடைக்காமல் அழத் தொடங்கியது. பர்வின் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கொல்லைக்கு வந்தாள்.

“இன்னா பேரு?” என்றாள் நாகம்மாள்.

“பர்வின்.”

“உங்க பேரக் கேக்கலம்மா. புள்ள பேரு.”

“புள்ள பேருதான்.”

நாகம்மாள் மகாலட்சுமியைப் பார்த்தாள். அது யார் பேர் என்று மகாலட்சுமிக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“அக்கா, உங்க பேரா?”

“ஆமா. யாருக்கும் வேணாத பேருதானே கேட்டே?” பர்வின் அழுகிற குழந்தையை ஆட்டிக்கொண்டே சொன்னாள். “குப்பைய கூட டவுன் பஞ்சாயத்துன்னு யாராவது வந்து அள்ளிகினு போறான். என் பேர யாரு எடுத்தா? பெத்தது பேச்சு மூச்சு இல்லாம போயிடுச்சு. புருஷனுக்கு அது ஞாபகத்துலயே இல்ல. போன வருஷம் டெங்கு வந்து கெடந்தேனே, சாவு வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டு, வேணாம்னு திரும்பிப் போச்சு. கூப்புட ஒரு நாதியில்லாம கெடக்குற பேருடி. இதவிடக் கேவலமா இந்த செஞ்சியில உனக்கு எந்தப் பேரும் கெடைக்காது. தைரியமா வையி.”

பிறகு பீமாராவைப் பார்த்தாள். “நீயும் யோசிக்காத. எங்க அத்தா ஆசையா வெச்ச பேரு. யாரும் கேலி பண்ணிக் கூப்ட்டதில்ல.”

பீமாராவ் தொண்டையைச் செருமிக்கொண்டான். மலையைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“ஸ்கூலுக்குப் பூங்குழலின்னு குடுத்துக்கறேன் பாயம்மா. வூட்ல இதான்.”

“அது உன் இஷ்டம்.”

“உங்க பேரப் போயி நான் எப்படிக்கா வாடி போடின்னு கூப்புடறது?” என்றாள் மகாலட்சுமி. அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கூப்புடு. திட்டு. முதுகுல ரெண்டு வையி. பேருன்னா அதுக்குத்தானே.”

“சரி சரி, புள்ள பசியில கத்துது” என்று அதட்டினாள் நாகம்மாள். “என் பொண்ண வளக்கக் குடுக்கறேன், பாத்துக்கன்னு சொல்லிக் குடுங்க. அதச் சொல்லணும், அப்பதான் செல்லும்.”

பர்வின் குழந்தையை நீட்டினாள். “என் பொண்ண...” என்றவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். “என் பொண்ண வளக்கக் குடுக்கறேன். பத்தரமா பாத்துக்க.”

“நல்லாச் சொன்னீங்க. நெஜமாட்டமே இருந்திச்சு” என்றாள் நாகம்மாள்.

மகாலட்சுமி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். நாகம்மாள் தவிட்டைத் தட்டிச் சேர்த்து, எதிர்வீட்டு மாட்டுக்குப் போட எடுத்துப் போனாள். பீமாராவ் முறத்தை எடுத்துப் போனான். சுவர் காலியாக இருந்தது. பர்வினின் தோளில் ஒரு உள்ளங்கை அளவு ஈரம் இருந்தது. வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிட்டது.

மத்தியானம் பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள், இத்தனை நாளில் இன்றைக்குத்தான் மகா இப்படிக் கட்டையாட்டம் தூங்குகிறாள் என்று பீமாராவ் சுவரோரம் வந்து சொல்லிவிட்டு ட்யூட்டிக்குப் போனான். நாகம்மாளும் பஸ்ஸேறிப் போய்விட்டாள். பர்வின் முலாம்பழத்தை அறுத்துப் பாதியைச் சுவர் மேல் வைத்தாள். மீதியில் ஒரு துண்டைத் தின்றாள். பழம் இனிப்பாகத்தான் இருந்தது.

பொழுது சாய்ந்தது. பகலெல்லாம் குடித்த வெயிலை மலைப் பாறைகள் திருப்பிக் கொடுக்கத் தொடங்கின. காற்றில்லை. பர்வின் அகலச் சட்டியை அடுப்பில் வைத்து, நாளைக்கான மாவைக் கொட்டி வறுக்க ஆரம்பித்தாள்.

“பர்வினு...”

“ஆங், வரேன்” என்று எழுந்துவிட்டாள். துடுப்பைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். சுவரில் கை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அந்தப் பக்கம் கொல்லை விளக்கு எரிந்தது. திறந்த கதவுக்கு உள்ளே, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் மகாலட்சுமி.

“எந்திரிச்சிட்டியாடி பர்வினு? எங்கண்ணு, எந்தங்கம். எங்க போயிட்டே இத்தினி நேரமா? ம்? பசிக்குதா? பர்வினுக்குப் பசிக்குதா?”

அவளைப் பசிக்கிறதா என்று யாரும் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அம்மா இருந்தவரை கேட்டாள்.

“பசிக்குதும்மா” என்றாள் பர்வின். உதடுதான் அசைந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது.

உள்ளே அடுப்பில் மாவு காந்துகிற வாசனை எழுந்து கொல்லைவரை வந்தது. அவளுக்கும் தெரிந்தது. இன்னொரு தடவை கூப்பிடட்டும், போய்விடலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.